செம்பரம்பாக்கம்: கரை நிற்கிறது, கால்வாய்கள் எங்கே?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், சென்னைக்காரர்கள் காலையில் எழுந்ததும் தேடுவது இரண்டு எண்களை. முதலாவது, வானிலை ஆய்வு மையம் சொல்லும் மழை அளவு. அடுத்தது, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம். முழு உயரம் 24 அடி, இன்றைக்கு எத்தனை? இருபதைத் தாண்டினால் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு சூடுபிடிக்கும். இருபத்திரண்டை நெருங்கினால் ஈக்காட்டுத்தாங்கலிலும் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் அடையாற்றோரம் குடியிருப்பவர்கள் பள்ளிச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரங்களையும் பரண்மேல் ஏற்றத் தொடங்குவார்கள். சித்திரை வைகாசியில் அந்த ஏரி வற்றிப்போனால், அதே தெருக்களில் காலிக் குடங்கள் வரிசை கட்டி லாரிக்குக் காத்திருக்கும்.

செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று ஒரு காலத்தில் சென்னையில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள், கரைக்குக் கீழே நெல் போட்டிருந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு போகமா, இரண்டு போகமா என்ற கணக்கு. நகரத்துக்கோ அது குடிதண்ணீரா, வெள்ளமா என்ற கணக்கு. ஏரி ஓரடிகூட நகரவில்லை. அதைச் சுற்றியிருந்த எல்லாம் நகர்ந்துவிட்டன.

பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிற ஊர் செம்பரம்பாக்கம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஏரிக்கரைமேல் நின்று கிழக்கே பார்த்தால் குன்றத்தூர் முருகன் கோயில் மலை தெரியும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. தொண்டைமண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த பூமி. இங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். மழை பெய்வது மூன்று மாதம், சாப்பிட வேண்டியது பன்னிரண்டு மாதம். இந்த நெருக்கடிக்கு இந்த மண்ணின் மக்கள் கண்ட வழிதான் ஏரி.

ஏரி என்றால் வெட்டிய பள்ளம் என்று நகரத்துப் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். தொண்டைமண்டலத்து ஏரி பெரும்பாலும் பள்ளம் பறித்து உண்டாக்கியது இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரியும் நிலத்தில், தாழ்ந்த பக்கம் மண்கரை எழுப்பி, வருகிற மழைநீரை மறித்து நிறுத்துவது. மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். அதனால் கரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வரத்துக்கால்வாயும் கலங்கலும். வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவரும். கலங்கல் மிஞ்சியதை வெளியே விடும். மூன்றில் ஒன்று கெட்டாலும் ஏரி கெட்டது. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரவு. இப்படி நூற்றுக்கணக்கான ஏரிகளைக் கோத்து வைத்திருந்ததால்தான் செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் வந்தது. அந்தக் கோவையில் பெரிய ஏரிகளில் ஒன்று செம்பரம்பாக்கம். நேமம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி இதற்கு வரும். கூவம் ஆற்றில் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்த தண்ணீரும் பங்காரு கால்வாய் வழியாக இங்கே வந்து சேரும்.

அந்தக் காலத்து மதகு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போதும் சிற்றூர் ஏரிகள் சிலவற்றில் அதன் மிச்சம் நிற்கிறது. கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றைக் குறுக்கே இணைக்கும் கல்சட்டங்களில் துளை. துளை வழியாக இறங்கும் ஒரு நீண்ட கம்பு; அதன் அடியில் மரக்கட்டை. அந்தக் கட்டை கீழே கல்தொட்டியின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பை ஒரு சாண் தூக்கினால் ஒரு சாண் தண்ணீர். இன்னும் தூக்கினால் இன்னும் கொஞ்சம். தண்ணீர் கரைக்கு அடியில் கட்டிய கல்வழியில் போய் மறுபக்கம் வாய்க்காலில் பாயும். அந்தக் கம்பைத் தொடும் உரிமை, ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு மட்டும்தான். யாருடைய வயல் நடவுக்குக் காத்திருக்கிறது, யாருடையது பொதி கட்டுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அவருக்குச் சம்பளம் பணமாக இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கை முதலில் எடுத்து வைப்பார்கள்.

ஏரிக்கென்று விளைச்சலில் பங்கு ஒதுக்கிய ஊர்கள் இவை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் இவ்வளவு என்று ஊர்ப் பங்குகள் அந்தக் கணக்குகளில் பதிவாகியிருக்கின்றன. இன்னும் பின்னால் போனால், இதே வட்டாரத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் தலையாய வேலைகளில் ஒன்றாக இருந்தது. இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் சாதியின் ஏற்றத்தாழ்வு முழுக்க முழுக்க இருந்தது. கரைக்கு மண் சுமந்தவனுக்குப் பெரும்பாலும் கரைக்குக் கீழே நிலம் இருந்ததில்லை. ஆனாலும் ஏரி உடைந்தால் ஊரே பட்டினி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் வரத்துக்காலில் ஒருவன் வரப்பு போட்டால் மறுநாளே கேள்வி வரும்.

செம்பரம்பாக்கத்துக்குக் கீழே குன்றத்தூர், மாங்காடு பக்கத்து ஊர்களில் பல ஆயிரம் ஏக்கர் இந்தத் தண்ணீரை நம்பி இருந்தது. சம்பா உறுதி. ஏரி நிரம்பிய வருஷம் நவரையும் உண்டு. கிணற்றில் ஊறும் தண்ணீரை வைத்துச் சிலர் சொர்ணவாரியும் பார்ப்பார்கள். ஏரியின் அருமை அதன் கிணறுகளில்தான் தெரியும் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஏரியில் தண்ணீர் நின்றால் கீழே இருக்கும் கிணறுகளில் கையால் மொள்ளலாம். கலங்கல் போனால் கரைமேல் கன்னிமாருக்குப் பொங்கல். கோடையில் தண்ணீர் பின்வாங்கிய உள்வாயில் வண்டல் எடுக்க மாட்டுவண்டிகள் இறங்கும். ஏரிக்கு ஆழம் கூடும், வயலுக்கு எரு சேரும். இரண்டு வேலைக்கும் சேர்த்துச் செலவு ஒரே வண்டிக்கூலி.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்குப் போனபோதே நீர்க்கட்டியின் அதிகாரம் மெல்லத் தேய்ந்தது. ஊர்மக்களே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற சொல் ஏட்டில் இருந்தது, வேலை குறைந்தது. ஆனாலும் ஏரி வயலுக்குத்தான் இருந்தது. சென்னை நகரம் 1870களிலிருந்து செங்குன்றத்து ஏரித் தண்ணீரைக் குடித்து வந்தது. பிறகு 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. நகரம் தென்மேற்கே பார்க்கத் தொடங்கியது பின்னால்தான்.

கிருஷ்ணா நதிநீர் 1996இல் தமிழக எல்லைக்கு வந்து சேர்ந்தது. பூண்டிக்கு வரும் அந்தத் தண்ணீரைத் தேக்க இடம் வேண்டும். செம்பரம்பாக்கத்தின் கரை பலப்படுத்தப்பட்டது; கொள்ளளவு கூட்டப்பட்டது; பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் இங்கே வந்தது. இன்று அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. பூண்டி, சோழவரம், புழல் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2007இல் இங்கே தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்கு அனுப்பும் திறனுள்ளது. ஒரு மில்லியன் கனஅடி ஏறக்குறைய 2 கோடியே 83 லட்சம் லிட்டர். போட்டுப் பார்த்தால், நிறைந்த ஏரி அந்த நிலையத்துக்கு ஆறரை மாதம் தாக்குப்பிடிக்கும், வெயில் குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல். கம்பைச் சாண் கணக்கில் தூக்கிய இடத்தில் இப்போது இரும்பு ஷட்டர்கள். 5 கண் மதகு, 19 கண் மதகு என்று செய்திகளில் நாம் படிப்பவை அவைதான். அவை திறப்பது உபரிநீரை வெளியேற்ற. வயலுக்காகத் திறந்ததெல்லாம் பழைய கதை.

வயல்களும் அந்தக் கதைக்குள் போய்விட்டன. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு ஏக்கர் நெல்லில் ஒரு குடும்பம் பத்து வருஷத்தில் பார்க்காத பணத்தை மனைத் தரகர் ஒரு கையெழுத்துக்குத் தருகிறார் என்றால் எவ்வளவு நாள் பிடித்து வைத்திருக்க முடியும்? பாசன வாய்க்கால் ஓடிய தடத்தில் தெருக்கள் வந்தன. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை கிழக்குப் பக்கமாகக் கடந்தது. திருமுடிவாக்கத்தில் தொழிற்பேட்டை. மேற்கே, ஏரிக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் பின்பாதியில் கார் தொழிற்சாலை வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்கூடங்கள். பல்லாயிரம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் மழை விழுந்தால் ஊறி, வடிந்து, மெல்ல ஏரிக்கு வந்த மண்மேல் சிமென்ட் தளமும் தகரக் கூரையும் போட்டால், அதே மழை ஊறாமல் ஒரே மூச்சில் ஓடி வரும். முன்பு இரண்டு நாளில் வந்த தண்ணீர் சில மணி நேரத்தில் வந்து கரையில் மோதும். வரத்து மாறியது என்றால் அளவு மட்டும் இல்லை, வேகமும் மாறியது.

கலங்கலுக்குக் கீழே நடந்தது இதைவிட மோசம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு வழியாகப் போய்த் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ள எச்சரிக்கையில் ஒலிபெருக்கியில் படிக்கும் ஊர்ப்பெயர்கள் இவை. வயலாக இருந்தபோது இந்த வழியில் தண்ணீர் பரந்து ஓடும். சில நாள் நிற்கும். வண்டலைப் போட்டுவிட்டு வடியும். நஷ்டம் ஒரு போகத்தோடு முடிந்துவிடும். இப்போது அதே வழியின் இருபுறமும் வீடு. பரவ இடமில்லாத தண்ணீர் உயர்ந்துதான் ஓடும். உபரிநீர் கூடிய ஆண்டுகளில் குன்றத்தூர்–ஸ்ரீபெரும்புதூர் சாலை மேலேயே தண்ணீர் ஏறிப் போக்குவரத்து நின்றிருக்கிறது. அதற்கும் கீழே, சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமாகப் போகிறது.

இத்தனையும் சேர்ந்து வெளிப்பட்ட நாள் 2015 டிசம்பர் 1. அன்று காலை தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் மழை. ஏற்கனவே நவம்பர் மழையில் ஏரி நிறைந்திருந்தது. விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அதாவது ஒவ்வொரு விநாடியும் 8 லட்சம் லிட்டருக்கு மேல். இந்த அளவு 21 மணி நேரம் தொடர்ந்தது என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னது. அப்படியானால் ஏரியின் முழுக் கொள்ளளவில் பாதிக்கும் மேலான தண்ணீர் ஒரு நாளுக்குள் அந்தக் குறுகிப்போன வழியில் இறங்கியிருக்கிறது. சைதாப்பேட்டையில் மாடி வரை தண்ணீர். விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ராத்திரியில் வந்த தண்ணீரை எதிர்பார்க்காமல் தூங்கிய குடும்பங்கள் எத்தனையோ.

ஏரியை முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. இது மனிதர் வரவழைத்த பேரிடர் என்றே தணிக்கை அறிக்கையும் சொன்னது. அதே நேரத்தில் அன்று அடையாற்றில் வந்த தண்ணீர் முழுவதும் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் என்று சொல்வது சரியல்ல. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஆற்று வெள்ளத்தில். அந்தப் பக்கத்து ஏரிகளுக்கும் நடந்தது இதே கதைதான். மதகைத் திறந்தவர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோனால், மதகுக்கு மேலேயும் கீழேயும் முப்பது வருஷமாக நடந்ததைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வயலுக்கு ஏரி என்றிருந்த காலத்தில், மழைக்காலத்தில் ஏரி நிறைய வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. மிஞ்சினால் கலங்கல் தானாகப் பார்த்துக்கொள்ளும். குடிநீருக்கு என்றானதும் அதிகாரி இரண்டு பயங்களுக்கு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. திறந்துவிட்டு மழை ஏமாற்றினால் கோடையில் நகரம் தவிக்கும். திறக்காமல் மழை கொட்டினால் நகரம் மூழ்கும். அந்த முதல் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதை நான்கே வருஷத்தில் பார்த்தோம்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையின் அலைகற்களுக்குக் கீழே, நீர்மட்டம் காட்டும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் அடி வரைக்கும் வெளியே தெரிந்தன. சிக்கராயபுரத்துக் கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய மழைநீரை எடுத்துச் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. வில்லிவாக்கத்தில் பூஜை போட்டு வரவேற்றார்கள். நிரம்பிய செம்பரம்பாக்கம், அப்படிப்பட்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்களின் தண்ணீரைத் தன்னிடம் வைத்திருக்கும். அவ்வளவு பெரிய கொள்கலனை முன்னோர் கட்டிக் கொடுத்திருக்க, நாம் ரயிலுக்கு மாலை போட்டோம். எனக்கு அந்தக் காட்சி இன்றும் வலிக்கிறது.

2015க்குப் பிறகு ஒரு நல்ல பழக்கம் வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஏரியை விளிம்பு வரைக்கும் நிரப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய அன்று, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் பகல் 12 மணிக்கு முன்னறிவிப்போடு விநாடிக்கு 1,000 கனஅடி திறந்தார்கள். பகலில், சொல்லிவிட்டு, கொஞ்சமாக. ஐந்து வருஷத்துக்கு முன் இந்த மூன்றும் நடந்திருந்தால் பல உயிர்கள் மிஞ்சியிருக்கும். இப்போது மழைக்காலத்தில் மணிக்கு மணி வரத்தும் வெளியேற்றமும் அளந்து சொல்கிறார்கள். நகரமும் அதைக் கவனிக்கிறது. மதகு திறக்கும் நாளில் கரையோரம் கூட்டம் சேர்ந்து கைபேசியில் படம் பிடிக்கிறது. போலீஸ் தடுப்பு போட வேண்டியிருக்கிறது.

மற்ற நாள்களில் அங்கே போனால் ஏரியின் பழைய முகம் இன்னும் தெரியும். விடியலில் படகுகள் கரைக்கு வரும். ஜிலேபியும் கெண்டையும் எப்போதாவது நல்ல விராலும் தராசில் ஏறும். பூந்தமல்லியிலிருந்தும் போரூரிலிருந்தும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். மழை முடிந்த தை மாதத்தில் உள்வாயின் ஓரங்களில் நாரையும் கூழைக்கடாவும் இறங்கும். இந்த ஏரியை இன்னும் ஏரியாகவே பார்ப்பவர்கள் அந்த மீனவர்கள்தான். நமக்கு அது ஒரு தொட்டி.

என் தீர்ப்பு இதுதான். முப்பது ஆண்டுகளாக நாம் செம்பரம்பாக்கத்தின் கரைக்குச் செலவு செய்தோம், மதகுக்குச் செலவு செய்தோம், குழாய்க்குச் செலவு செய்தோம். வரத்தையும் போக்கையும் தெருவில் விட்டோம். 2021இல் நீர்வளத் துறை தனித் துறையானது. ஏரி ஒரு துறை, ஏரிக்கு மேலே தொழிற்பேட்டை ஒரு துறை, கீழே மனைப்பிரிவு அனுமதி இன்னொரு துறை என்ற நிலை அதனால் தீர்ந்துவிடவில்லை. நேமத்திலிருந்து திருநீர்மலை வரைக்கும் வரத்துக்கால்வாய், உபரிநீர்க் கால்வாய் இரண்டின் பழைய அகலத்தையும் அளந்து, கல் நட்டு, அந்த வரைபடத்தை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்தின் சுவரிலும் மாட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் இனி ஒரு செங்கல்கூட வைக்க அனுமதி தரக் கூடாது. ஏற்கனவே உள்ளே குடியிருக்கும் ஏழைகளுக்கு அவர்கள் பிழைப்புக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு கொடுத்துவிட்டுத்தான் காலிசெய்யச் சொல்ல வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது.

குன்றத்தூர், மாங்காடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மனைக்குள்ளோ பக்கத்திலோ வாய்க்கால் புறம்போக்கு என்றோ ஏரி என்றோ ஓடை என்றோ எழுதியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.